கொலைக்குப் பந்தி போடுகிறவர்

ஊருக்கு ஒரு பேருந்து நிலையம் இருப்பதுபோல ஊருக்கு ஒரு பழைய கொலையும் இருக்கிறது. நடந்து அறுபது வருஷம் ஆகியிருக்கும். பார்த்தவர்கள் போய்விட்டார்கள், விசாரித்தவர்கள் போய்விட்டார்கள், செய்தவரும் யாரென்று தெரியாமலேயே பேரன் பேத்தி எடுத்து நல்ல சாவாகப் போய்ச் சேர்ந்திருப்பார். கொலை மட்டும் போகாது. அதைத் தூசு தட்டி, எண்ணெய் போட்டு, வந்தவர் போனவருக்கெல்லாம் எடுத்துக் காட்டுவதற்கென்றே ஒவ்வோர் ஊரிலும் ஓர் ஆள் இருக்கிறார்.

நான் சொல்ல வந்தது அந்த ஆளைப் பற்றி.

அவரை நீங்கள் தேடிப் போக வேண்டியதில்லை. கல்யாண வீட்டில் கை கழுவிவிட்டுப் பீடாவுக்காக நிற்கும்போது பக்கத்தில் வந்து நிற்பார். மழையே இல்லை என்பார். ஆமாம் என்பீர்கள். அந்த வருஷமும் இப்படித்தான் என்பார். எந்த வருஷம் என்று கேட்டால் தீர்ந்தது. குரல் இறங்கும், கண் இரண்டு பக்கமும் போய்வரும், உங்கள் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொள்வார், ‘இது நமக்குள்ள இருக்கட்டும்’ என்று மாவட்டம் முழுவதும் அறிந்த ஒன்றைச் சொல்லத் தொடங்குவார், நடுவில் நிறுத்தி உங்கள் முகத்தைப் பார்ப்பார், ‘அங்கதான் இருக்கு சூட்சுமம்’ என்பார், அங்கே என்ன இருக்கிறது என்று நீங்கள் எட்டிப் பார்ப்பதற்குள் வேறோர் இடத்துக்குப் போயிருப்பார். பீடா தீர்ந்திருக்கும்.

யாராவது விடை சொன்னால் அவருக்குப் பிடிக்காது. திருடன் வந்திருப்பான் சார் என்று சொல்லிப் பாருங்கள். பெண் பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளை வீட்டார் பதிலே சொல்லாததுபோல அவர் முகம் வாடிவிடும். ‘அப்படியிருந்தா ரொம்ப சாதாரணமாப் போயிருமே’ என்பார். உங்களுக்கு ஏதாவது யோசனை தோன்றுகிறதா? வெளியே சொல்லாதீர்கள். அவருக்கு வேண்டியது கொலையாளி அல்ல. கொலையாளி கிடைத்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமையை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

இந்த இனத்தில் கிளைகள் உண்டு. முடிதிருத்தகக் கிளை, கழுத்தில் துணி கட்டி நீங்கள் அசைய முடியாமல் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்து நாற்காலியிலிருந்து பேசும். ரயில் கிளை, மானாமதுரையில் ஏறிக் காரைக்குடியில் இறங்குவதற்குள் குடும்பத்தோடு ஒருவரைக் கைது செய்துவிடும். யூடியூப் கிளை, பூட்டிய வீட்டின் முன்னால் நின்றுகொண்டு நாய் ஊளையிடும் சத்தத்தைப் பின்னால் ஓடவிடும். இவர்களெல்லாம் சில்லறை. மேலே, தனியாக, சரித்திரக் கிளை என்று ஒன்று இருக்கிறது. அது உயிரோடிருப்பவர்களின் உதவியை நாடுவதில்லை. இறந்துபோன பெரியவர்களை விருந்துக்கு அழைத்து, இலை போட்டு, கொலையை அவர்களிடம் ஒப்படைக்கிறது.

எங்கள் காரைக்குடிக்கு வாய்த்திருப்பது அது.

பெயர் அருள்முருகன். கூட்டுறவுத் துறையில் தணிக்கையாளராக இருந்து ஓய்வுபெற்றவர். ஆட்சேபணை எழுப்புவது தன் வேலை, அதைத் தீர்ப்பது அடுத்தவர் வேலை என்று பணிக்காலம் முழுவதும் பழகியவர். கொலை ஆராய்ச்சிக்கு இதைவிடத் தகுதி என்ன வேண்டும்?

கொலை இதுதான். அறுபதுகளின் தொடக்கம். ஒரு தெருவில் வாசலும் அடுத்த தெருவில் கொல்லையுமாக நீண்டு கிடக்கும் பெரிய வீடு. அதன் இரண்டாம் கட்டு முற்றத்தில் அந்த வீட்டுக் கணக்கப்பிள்ளை மண்டையில் அடிபட்டு இறந்து கிடந்தார். முன்கதவு உள்ளே தாழ். பின்கதவு உள்ளே தாழ். உடலுக்குப் பக்கத்தில் ஒரு துண்டு. துண்டு வண்டிக்காரர் வீரணனுடையது. அன்று காலையில் நெல் மூட்டை இறக்க வந்தவர் விட்டுவிட்டுப் போனது. அவரைப் பிடித்தார்கள். சிவகங்கையில் வழக்கு நடந்தது. சம்பவ நேரத்தில் அவர் அரியக்குடியில் வைக்கோல் இறக்கிக்கொண்டிருந்தார் என்று கூண்டேறி நாலு பேர் சொன்னார்கள். விடுதலை செய்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு யாரையும் பிடிக்கவில்லை.

நீதிமன்றத்தின் கணக்கில் வீரணன் விஷயம் அன்றோடு முடிந்தது. அருள்முருகன் கணக்கில் அது நிலுவை. ஏன் என்று கேட்டால் சிரிப்பார். சந்தேகப்பட ஓர் ஆளாவது கையில் இல்லாமல் ஆராய்ச்சியை எப்படி நடத்துவது என்று அந்தச் சிரிப்புக்குப் பொருள். அப்படியானால் அந்தப் பெரிய வீட்டில் இருந்தவர்களை ஏன் சந்தேகிக்கவில்லை என்று ஒருமுறை கேட்டேன். ‘வருசத்துக்கு ஒருக்கா வீட்டத் தொறந்து காட்டுறாங்க. அவங்க மனசு நோகலாமா?’ என்றார். நியாயம்தான். வீரணன் குடும்பத்திடம் திறந்து காட்ட என்ன இருக்கிறது? இரண்டு அறையும் ஒரு தையல் மெஷினும்.

ஞாயிறு மாலைகளில் நாங்கள் கூடுவது சேவுகனின் பாத்திரக் கொட்டகையில். சேவுகன் கல்யாணச் சமையல் காண்டிராக்டர். அண்டாக்களுக்கும் ஜாரணிகளுக்கும் நடுவே கவிழ்த்துப் போட்ட குத்துச்சட்டிகளில் உட்கார்ந்துகொள்வோம். அகிலா வருவார்; பள்ளியில் வரலாற்று ஆசிரியை, தேதிகள் தவறாதவர். இன்னும் சிலர் சுண்டலுக்காக வருவார்கள். நான் எதற்காகப் போகிறேன் என்று என் மனைவி கேட்டிருக்கிறாள். பதில் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சென்ற சித்திரையில் அருள்முருகன் கேள்வியை எங்கள் முன் வைத்தார். சரித்திரத்திலிருந்து சிலரை விருந்துக்குக் கூப்பிட்டு, நம் கொலையைச் சொல்லி, கண்டுபிடித்துத் தாருங்கள் என்று கேட்பதானால் யார் யாரைக் கூப்பிடலாம்?

கேட்டவுடன் எல்லோருக்கும் உடம்பில் ரத்தம் ஓடியது. கல்யாணத்துக்கு யாரை அழைப்பது, யாரை விடுவது, விட்டால் யார் கோபித்துக்கொள்வார், கோபித்துக்கொள்ளட்டும் என்று விடலாமா என்பதில் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இருக்கும் ஞானம் உலகத்தில் வேறு யாருக்கும் கிடையாது. அந்த ஞானத்தை நாங்கள் மௌரியர்கள்மேல் பிரயோகித்தோம்.

அகிலா அசோகரை முன்மொழிந்தார். தப்புச் செய்து திருந்தியவர், குற்றவாளியின் மனம் அவருக்குப் புரியும். சேவுகன் கேட்டது ஒரே கேள்வி: சைவமா? ஒரு காலத்தில் தன் அடுக்களையில் மயில் சமைத்ததாகவும் அதையும் நிறுத்தப்போவதாகவும் அவரே கல்லில் எழுதி வைத்திருக்கிறார் என்றார் அகிலா. நிறுத்திவிட்டாரா, நிறுத்தப்போகிறாரா என்பதைத் தெளிவுபடுத்தாமல் தன்னால் அடுப்பு மூட்ட முடியாது என்றார் சேவுகன். ஒரு மாலை அதில் போயிற்று.

அருள்முருகனின் ஆள் ராஜராஜ சோழன். அவ்வளவு பெரிய கோவிலைக் கட்டியவருக்கு இரண்டு தாழ்ப்பாள் எம்மாத்திரம் என்பது அவர் வாதம். அகிலா மெதுவாக, அவருடைய சொந்த அண்ணன் கொலையே இன்னும் முழுதாகத் தெளிவாகவில்லையே சார் என்றார். தன் வீட்டிலேயே அப்படி ஒன்று இருக்கும்போது அடுத்த வீட்டு விஷயத்துக்குக் கூப்பிட்டால் குத்திக்காட்டுவதுபோல ஆகாதா என்று சேவுகன் கவலைப்பட்டார். அனுபவசாலி என்ற முறையில் கூப்பிடலாம் என்று முடிவாயிற்று.

அலெக்சாண்டரை வேண்டாம் என்றோம். பாதி வழியில் திரும்பிப் போகிறவர். விக்டோரியா மகாராணிக்கு மேசை, கரண்டி ஏற்பாடு செய்ய வேண்டும், மற்றவர்கள் தரையில் உட்கார அவர் மட்டும் உயரத்தில் இருந்தால் பார்க்க நன்றாயிராது. அக்பர் சில நாட்களில் கறி தொடமாட்டார் என்று அகிலா சொன்னதும் எந்தெந்த நாள் என்று சேவுகன் பிடித்துக்கொண்டார். வேலு நாச்சியாரை விட முடியாது, நம் ஜில்லாக்காரர், விட்டால் நாளைக்கு சிவகங்கைப் பக்கம் தலைகாட்ட முடியாது. அவரைக் கூப்பிட்டால் கும்பினித் தளபதி யாரையும் அதே பந்தியில் உட்கார வைக்க முடியாது. ராணி மங்கம்மாளைக் கூப்பிட்டால் திருமலை நாயக்கரை விட முடியாது, ஒரே வீட்டில் ஒருவருக்கு மட்டும் அழைப்பு வைப்பது முறையா?

ஆனி முடியும்வரை இது நடந்தது. இந்த மாதங்களில் கணக்கப்பிள்ளையைப் பற்றியோ தாழ்ப்பாளைப் பற்றியோ யாராவது பேசியதாக எனக்கு ஞாபகமில்லை.

கடைசியில் சேவுகன்தான் கேட்டார், இலை போட்டு உட்கார வைத்துவிட்டு என்ன பேசுவதாக உத்தேசம் என்று. இதென்ன கேள்வி, கொலையைத்தான் என்றார் அருள்முருகன். சேவுகன் கையிலிருந்த சுண்டலைக் கீழே வைத்தார்.

‘சாப்புடுற எடத்துலயா?’

பந்தியில் சாவு பேசக்கூடாது. இது எங்கள் ஊரில் பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். சாப்பாட்டுக்கு முன்னால் பேசலாமா? பசியோடு வந்தவர்களிடமா? சாப்பாட்டுக்குப் பின்னால்? வெற்றிலை பாக்குக் கொடுத்தால் விருந்தாளி புறப்பட வேண்டும் என்று அர்த்தம். ஆக முன்னாலும் முடியாது, நடுவிலும் முடியாது, பின்னாலும் முடியாது. கொலையைக் கண்டுபிடிப்பதற்காகவே கூட்டப்படும் விருந்தில் கொலையைப் பேச இடமில்லை. அருள்முருகன் யோசித்தார். எனக்கென்னவோ அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. ‘அத அன்னைக்குப் பாத்துக்குவோம்’ என்றார்.

அன்றைக்கு என்று ஒரு நாளும் குறித்தார்கள். ஆடி மாதம், முகூர்த்தம் கிடையாது, மண்டபங்கள் காலி, சேவுகனுக்கும் கை அரித்தது. சரித்திரத்தார் வர இயலாது என்பதால் அவரவர் வேஷத்தில் நாங்களே உட்கார்ந்து விருந்தை நிஜமாகவே நடத்திவிடுவது என்று முடிவாயிற்று. ராஜராஜனாக அருள்முருகன். ராணி மங்கம்மாளாக அகிலா. சுண்டல்காரர்களில் ஒருவர் அக்பர், ஒருவர் அசோகர், ஒருவர் திருமலை நாயக்கர். எனக்கு ஒரு சீன யாத்திரிகரைக் கொடுத்தார்கள். பேச வேண்டியதில்லை என்பதால் ஒப்புக்கொண்டேன். வேலு நாச்சியாருக்கு மட்டும் ஆளில்லை.

அப்போதுதான் அருள்முருகனுக்கு அந்த யோசனை தோன்றியது. அவர் இனத்துக்கு மட்டுமே தோன்றக்கூடிய யோசனை.

அதைச் சொல்லும் முன் பாண்டீஸ்வரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வண்டிக்காரர் வீரணனின் பேத்தி. நாற்பது வயதிருக்கும். தாத்தா இருந்த அதே வீட்டின் முன்னறையில் தையல் கடை வைத்திருக்கிறார். அருள்முருகன் மாதம் ஒருமுறை வெளியூர்க்காரர்களைச் சேர்த்து மரபு நடை என்று ஒன்று நடத்துகிறார். பெரிய வீட்டின் பூட்டிய கதவில் தொடங்கி, ஊருணியைச் சுற்றி, பாண்டீஸ்வரி கடை வாசலில் முடியும். பிளவுஸ் வெட்டிக்கொண்டிருக்கும் பெண்மணியைப் பத்துப் பதினைந்து பேர் தொப்பி போட்டுக்கொண்டு வாசலில் நின்று மௌனமாகப் பார்ப்பார்கள். வழி தெரியாமல் யாரும் தவறிவிடக்கூடாது என்று செல்போன் மேப்பில் அந்த இடத்தைக் குறித்தும் வைத்துவிட்டார். ‘கொலைகாரர் வீடு?’ என்று.

அந்தக் குறிப்பைப் பார்த்துப் படம் எடுக்க இளவட்டங்கள் வந்தார்கள். பார்சல் கொண்டுவரும் பையன்கள் தெருமுனையிலிருந்து போன் போட்டு, ‘அக்கா, கொலைகாரர் வீட்டுக்கு இங்குட்டா அங்குட்டா?’ என்று கேட்டார்கள். கல்யாணப் பட்டுக்கு ரவிக்கை தைக்க வந்த ஒரு குடும்பம், மேப்பைப் பார்த்துவிட்டு மங்கல காரியம் பாருங்கள் என்று திரும்பிப் போனது. பாண்டீஸ்வரியின் மகள் சுபலட்சுமியைப் பள்ளியில் கொலைகார வீட்டுப் பிள்ளை என்றார்கள். அந்தக் குழந்தை பள்ளிக்குப் போக மாட்டேன் என்று அழத் தொடங்கியது. பாண்டீஸ்வரி இரண்டு தடவை அருள்முருகனைத் தேடிப் போய் எடுக்கச் சொன்னார். இரண்டு தடவையும் அவர் பொறுமையாகவே பதில் சொன்னாராம். ‘கேள்விக்குறி போட்டுத்தானம்மா வச்சிருக்கேன்.’

இப்போது யோசனைக்கு வருவோம். நாச்சியாராக உட்கார ஒரு பெண் வேண்டும். வேஷத்துணிகளும் தைக்க வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே இடத்துக்குப் போகலாமே? அப்படியே வழக்கோடு தொடர்புள்ள குடும்பமாகவும் இருக்கிறது, விருந்துக்கு ஒரு கனம் வரும். அவர் இதில் ஒரு சங்கடத்தையும் காணவில்லை. உள்நோக்கம் எதுவும் கிடையாது, அதுதான் விசேஷம்.

முறையாக அழைக்காத விருந்தாளிக்குத் தான் இலை போடமாட்டேன் என்று சேவுகன் சொல்லியிருந்ததால் தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பூ எல்லாம் வைத்துக்கொண்டு அருள்முருகன் போனார். துணைக்கு நானும் போனேன். பாண்டீஸ்வரி மெஷினை நிறுத்திவிட்டு நாற்காலி எடுத்துப் போட்டார். அருள்முருகன் விஷயத்தைச் சொன்னார். ராஜராஜனுக்கு அங்கி, அக்பருக்கு நீளச் சட்டை, அசோகருக்கு வெறும் துண்டு போதும். நீயும் நாச்சியாராக வந்து உட்கார வேண்டும்.

பாண்டீஸ்வரி அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்து மடித்தார்.

‘என்னத்துக்கு சார் இந்த விருந்து?’

‘கொலையக் கண்டுபிடிக்கத்தாம்மா.’

‘அப்ப எங்க தாத்தா பேச்சு வருமா?’

‘அது இல்லாமயா?’

அவர் தட்டை வாங்கிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை உச்சிப்பொழுது. மண்டபத்தில் நீளமாகப் பந்திப்பாய் விரித்து இலை போட்டிருந்தது. அசோகரை உத்தேசித்து முழுச் சைவம். பருப்பு, நெய், சாம்பார், வெண்டைக்காய் மண்டி, உருளைக்கிழங்கு, அப்பளம், ரசம், இனிப்புக்கு ஆடிக் கும்மாயம், பால் பணியாரம். ராஜராஜன் தரையில் உட்காரும்போது இடுப்பு வாள் குறுக்கே நின்றது, கழற்றி அக்பர் பக்கம் வைத்தார். அக்பருக்குத் தாடி ஒட்டவில்லை. பாண்டீஸ்வரி கடைசியாக வந்தார். சாதாரண நூல் சேலை. வரிசைக் கோடியில், எனக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தார்.

நாச்சியார் வேஷம் போடவில்லையா என்று அருள்முருகன் கேட்டார்.

‘நான் வீரணன் பேத்தியா வந்திருக்கேன் சார். அதுவும் சரித்திரந்தானே.’

எல்லோரும் சிரித்தோம். அது சிரிக்கிற விஷயம் என்று நினைத்தோம்.

பரிமாறத் தொடங்கினார்கள். சோறு விழுந்து, பருப்பு விழுந்து, நெய் ஊற்றி, அரசர்கள் பிசையத் தொடங்கிய நேரத்தில் பாண்டீஸ்வரி, தாத்தா விஷயத்தை எப்போது பேசுவீர்கள் என்று கேட்டார். முதலில் சாப்பிடு தாயி என்றார் சேவுகன், சாம்பார் வாளியோடு குனிந்து. சாம்பார் வந்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடி கேட்டார். மண்டி வந்தது. மறுபடி கேட்டார். இரண்டாவது அப்பளம் வைத்தார்கள். எங்கள் பக்கத்தில் சங்கடமான கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட மாட்டோம், பரிமாறிவிடுவோம். ஊரில் எத்தனை பாகப்பிரிவினை, எத்தனை திருமணப் பேச்சு இப்படி அப்பளத்தால் தள்ளிப்போயிருக்கின்றன என்று உங்களுக்குத் தெரியாதா?

பாண்டீஸ்வரிக்கும் தெரியும். அவரும் இந்த ஊர்தானே. அவர் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். இலையில் எல்லாம் குவிந்திருந்தது. அவர் எதையும் தொடவில்லை.

நாங்கள் சாப்பிட்டு முடித்தோம். இங்கேதான் வந்தது சிக்கல். பந்தியில் கடைசி ஆள் முடிக்காமல் மற்றவர்கள் எழுந்திருக்கக்கூடாது. இலையைத் தொடாமலே ஒருவர் உட்கார்ந்திருக்கும்போது எழுந்து கை கழுவப் போவதென்றால், அதைவிடப் போகிற போக்கில் அவர் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டுப் போகலாம். சாம்ராஜ்யங்களை ஆண்டவர்கள் வலது கையை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கையில் ரசம் காய்ந்து இழுத்தது. திருமலை நாயக்கர் கால் மரத்துப்போய் முனகினார். திருத்த வேண்டிய விடைத்தாள் வீட்டில் கிடக்கிறது சார் என்று ராணி மங்கம்மாள் ராஜராஜனின் காதோரம் சொன்னார்.

அருள்முருகன் தொண்டையைச் செருமினார். வீரணனைப் பொறுத்தவரை, இப்போதைக்குக் கிடைத்திருக்கும் சான்றுகளின் அடிப்படையில், சந்தேகத்தின் பலனை அவருக்கு அளிப்பதில் ஆராய்ச்சியாளர் என்ற முறையில் தனக்கு ஆட்சேபணை இல்லை என்றார்.

‘அத கோர்ட்டுல அப்பவே குடுத்துட்டாக. நீங்க என்ன குடுக்குறீக?’

வீரணன் கொன்றதற்கு ஆதாரம் இல்லை என்று சொல்லலாம் என்றார்.

‘கொல்லலன்னு சொல்லுங்க.’

அருள்முருகன் முகத்தில் பழைய வெளிச்சம் வந்தது. அறுபது வருஷத்துச் சூட்சுமமும் தன் பக்கம் வந்து நிற்பதுபோல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

‘சரிம்மா. அப்ப யாரு கொன்னா?’

‘எனக்குத் தெரியாது’ என்றார் பாண்டீஸ்வரி. ‘உங்களுக்கும் தெரியாது. தெரியலன்னா தெரியலன்னு போட்டுக்க வேண்டியதுதான? எதுக்கு எங்க வீட்டப் போட்டீக?’

ராஜராஜன் அக்பரைப் பார்த்தார். அக்பர் தன் இலையைப் பார்த்தார். நான் சீன யாத்திரிகர், எனக்கு மொழி தெரியாது.

நியாயம் வென்றது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் வென்றது சேவுகன். அவர் சாம்பார் வாளியை இறக்கி வைத்துவிட்டு அருள்முருகனின் முன்னால் வந்து குந்தினார். கண் கலங்கியிருந்தது.

‘அண்ணே. கலியாணத்துல சம்பந்தக்காரக சண்ட போட்டு அடிச்சுக்கிட்ட பந்தியிலகூட ஒரு இலை தொடாம எந்திரிச்சதில்ல. எம் பேரு போயிரும். சொல்லிட்டு விடுங்கண்ணே.’

வீரணனுக்குப் போன பெயரைப் பற்றி அங்கே யாருக்கும் அவ்வளவு பதற்றம் இல்லை. சேவுகனின் பெயர் போகும் என்றதும் வரிசையே கலங்கியது. ஆமாம் சார், சொல்லிவிடுங்கள் என்றார் அசோகர். அகிலாவும் சொன்னார். தாடியைக் கையில் பிடித்துக்கொண்டு அக்பரும் சொன்னார்.

‘வீரணன் கொல்லல’ என்றார் அருள்முருகன்.

‘மேப்பு?’ என்றார் பாண்டீஸ்வரி.

வலது கை எச்சில். இடது கையால் அங்கிக்குள் துழாவிச் செல்போனை எடுத்து, மடியில் வைத்து, இடது கட்டை விரலால் தட்டினார். தப்பாக எங்கெங்கோ போயிற்று. பாண்டீஸ்வரி எட்டிப் பார்த்து, மேலே அழுத்துங்க சார், அதில்ல, அந்த மூணு புள்ளி என்று சொல்லிக் கொடுத்தார். கடைசியில் உங்கள் கோரிக்கையைப் பரிசீலிக்கிறோம், நன்றி என்று வந்தது. பாண்டீஸ்வரி அதைத் தன் போனில் படம் பிடித்துக்கொண்டார்.

பிறகு சாப்பிட்டார். பருப்பு ஆறிவிட்டது, சூடாகக் கொண்டுவரச் சொன்னார். நெய் கேட்டார். ரசத்துக்கு இரண்டாவது முறை சோறு வாங்கினார். கும்மாயம் நன்றாக வந்திருக்கிறது அண்ணே என்று சேவுகனிடம் சொல்லி இன்னும் கொஞ்சம் வைக்கச் சொன்னார். அவர் அவசரப்படவில்லை. பசியும் இருந்திருக்கும், குழந்தை பள்ளிக்குப் போக மறுக்கும் வீட்டில் யார் ஒழுங்காகச் சாப்பிட்டிருப்பார்கள்? நாங்கள் காய்ந்த கையோடு பார்த்துக்கொண்டிருந்தோம். இலையை மடித்துவிட்டு எழுந்தார். எங்களையும் எழுந்திருக்கச் சொன்னார்.

கொஞ்ச நாளில் அந்தக் குறிப்பு போய்விட்டது. அந்த இடத்தில் இப்போது பாண்டீஸ்வரி டெய்லர்ஸ் என்றிருக்கிறது. நான் தேடிப் பார்த்தேன். ஐந்து நட்சத்திரம் கொடுத்திருக்கிறார்கள், ஓர் ஆள் மட்டும் நாலு. சொன்ன தேதிக்குத் தரவில்லையாம். சுபலட்சுமி பள்ளிக்குப் போகிறாள்.

அருள்முருகன் திருந்திவிட்டார் என்று எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள், நானும் எழுதமாட்டேன். ஒரு வாரம் கொட்டகைப் பக்கம் வரவில்லை. அடுத்த ஞாயிறு வந்தார். வீரணன் இருந்த இடம் காலியாகிவிட்டது, அதை நிரப்ப வேண்டும், சந்தேக ஆள் இல்லாமல் ஒரு கொலை எத்தனை நாள்தான் தாங்கும்? இப்போது அவர் கையில் ஒரு சைக்கிள் இருக்கிறது. சம்பவத்தன்று பின்கதவுத் தெருவில் அடையாளம் தெரியாத சைக்கிள் ஒன்று நின்றதாம். யாருடையது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார். நான் சொல்லவில்லை, ஆதாரம் சொல்கிறது என்கிறார். உங்கள் தாத்தா அந்த நாளில் சைக்கிள் வைத்திருந்தாரா? காரைக்குடிப் பக்கம் வந்து போவாரா? தயவுசெய்து யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

சிரிக்கிறீர்கள். இப்படியும் ஓர் ஆளா என்று தோன்றுகிறது. ஆனால் நான் அண்டா, அப்பளம் என்று அளந்துகொண்டிருந்த நேரமெல்லாம் நீங்கள் அந்த இரண்டு தாழ்ப்பாளையே நினைத்துக்கொண்டிருந்தீர்கள், எனக்குத் தெரியும். உள்ளேயே இருந்த யாரோதான் என்று முடிவுகட்டி, யார் என்றும் ஏறக்குறைய தீர்மானித்துவிட்டீர்கள். அக்பருக்குப் பதில் வேறு யாரைக் கூப்பிட்டிருக்கலாம் என்றுகூட ஒரு பெயர் உங்கள் நாக்கு நுனியில் இருக்கிறது. செத்துப்போன கணக்கப்பிள்ளைக்கும் ஒரு பெயர் இருந்தது. நான் அதைச் சொல்லவே இல்லை. நீங்கள் கேட்கவும் இல்லை.

வாருங்கள், அப்படி ஓரமாக உட்காருங்கள். இலை போட்டாயிற்று.